அடித்தல் திருத்தல்

நீரியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தண்ணீர்த் தொட்டியும் இல்லை, மோட்டாரும் இல்லை. எதிர்ச் சுவரில் ஆணியடித்துத் தொங்கும் ஒரு பச்சைப் பலகைதான். அதில் வெள்ளைப் பெயிண்டில் குண்டு குண்டாக எழுதியிருக்கும்: ‘பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லாது இருத்தல் வேண்டும்.’ எழுதியவர் இன்றைய துறைத் தலைவர். அப்போது அவர் இந்த ஆய்வகத்தின் பொறுப்பாளர். கட்டடம் புதிதாகத் திறந்த வருஷம் அவரே ஏணி போட்டு ஏறி, தன் கையால் எழுதி மாட்டினார். இருபத்திரண்டு வருஷமாகியும் ஓர் எழுத்து உதிரவில்லை.

பலகை சொன்ன பேச்சை மாணவர்கள் தட்டியதே கிடையாது. பதிவேடு என்றால் அப்படி ஒரு பதிவேடு. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, சொந்தச் சரக்கும் இல்லை. போன வருஷத்து அண்ணன் அக்காக்களிடம் நோட்டை வாங்கி, ஹாஸ்டல் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, புள்ளி பிசகாமல் இறக்கிவிடுவார்கள். ஒரு முறை மோட்டார் கருகி மூன்று மாதம் சும்மா கிடந்தது. அந்த மூன்று மாதத்திலும் அறுபது பேர் அதே மோட்டாரை ஓட்டி, தண்ணீரை அளந்து, கணக்குப் போட்டுத் தந்திருந்தார்கள். அறுபது நோட்டிலும் கையெழுத்து விழுந்தது. போட்டது யார் என்று கேட்டால், வேறு யார், நம் நீரியல் மேடம்தான்.

மேடத்துக்கு வயது முப்பத்தொன்பது. இதே கல்லூரியில் படித்தவள். ஒன்பது வருஷமாக இதே ஆய்வகத்தில் வேலை. வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். தம்பியும் இன்ஜினியரிங் சேர்ந்தவன்தான்; இரண்டாம் வருஷத்தோடு அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லிஃப்ட் மெக்கானிக் ஆகிவிட்டான். சாயங்காலம் வந்ததும் சோப்புத்தூளைப் போட்டுக் கையிலிருக்கும் கிரீஸைத் தேய்த்துக்கொண்டே அன்றைய கதையை அளப்பான். அப்படி ஒரு நாள் அளந்த கதையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

“அக்கா, உன் கோல்டு மெடல் எங்க கம்பெனில சேர்ந்திருக்கான் தெரியுமா?”

“எந்த கோல்டு மெடல்?”

“போன வருஷம் வாங்கினானே, மூக்குக்கண்ணாடி. இன்னிக்கு அவனை ஒரு பன்னெண்டு மாடிக் கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மேல ஏறி லிஃப்ட் கயிறு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளக்கணும். நான் வண்டில இருந்து டூல் பையை எடுத்துட்டு வர்றதுக்குள்ள, கீழ நின்னுக்கிட்டே ஃபாரத்தை எழுதி முடிச்சிட்டான்கா! அவ்வளவு அழகு. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. என்னப்பா இது, நீ இன்னும் மேலயே போகலையேன்னேன். அதுக்கு, ‘எப்பவும் இதே ரீடிங்தானே சார் வரும், போன மாச ஃபாரத்தைப் பாத்தேன்’ங்கறான்.”

தம்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அந்த லிஃப்ட்ல யாருடா போவாங்க?”

“யாரு போவாங்க, அங்க குடியிருக்கறவங்க போவாங்க. பயப்படாத, நான் ஏறிப் பாத்துட்டேன். ரெண்டு கயிறை உடனே மாத்தணும்.”

அவன் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவள் அங்கேயே நின்றாள். அந்தப் பையன் கெட்டவனில்லை. மரியாதையான பையன், கெட்டிக்காரன். கயிற்றைப் பார்க்காமலே கயிற்றைப் பற்றி எழுதுவதற்கு அவனுக்குக் கற்றுக்கொடுத்த இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும். அதற்கு ‘நன்று’ என்று கையெழுத்துப் போட்ட கையும் அவளுடையதுதான். வெட்கத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் தலைவர் அறையில் உட்கார்ந்திருந்தாள். தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ‘பாயிண்ட் சிக்ஸ் டூ’. அதற்குக் காரணம் பிறகு வரும். கறாரான மனிதர், ஆனால் காது கொடுத்துக் கேட்பார். அவள் சொல்லி முடிக்கும் வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

அவள் கேட்டது இதுதான். ஒரு செமஸ்டருக்கு ஆய்வகத்தின் பத்துக் கருவிகளையும் ஒதுக்கி வைக்க வேண்டும். மாணவர்கள் குழுக் குழுவாகப் பிரிந்து, கல்லூரி வளாகத்திலேயே தண்ணீர் எங்கெல்லாம் தகராறு செய்கிறதோ அங்கே போய் ஏனென்று கண்டுபிடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டது. அதில் எதையும் ரப்பரால் அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பென்று தெரிந்தால் மேலே ஒரே ஒரு கோடு போட வேண்டும். கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் ஏன் அடித்தேன் என்று காரணம் எழுத வேண்டும். விடை சரியா என்பதற்கு மதிப்பெண் இல்லை. செமஸ்டர் தொடக்கத்தில் இருந்த ஆள் முடிவில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பதற்குத்தான் மதிப்பெண்.

“ஏம்மா, இது இன்ஜினியரிங் காலேஜா, இல்ல டைரி எழுதற சங்கமா?” என்றார் தலைவர். “பசங்க வளர்ச்சி வளர்ச்சின்னு சொல்ற. பசங்க தானா வளருவாங்க. நாம சிலபஸை முடிக்கணும்.”

“வளரலை சார். நோட்டுதான் வளருது.”

தலைவர் பேனா மூடியை டப்பென்று மாட்டினார்.

“சரி. ஒரு செமஸ்டர் தர்றேன். ஆனா பரீட்சை என் பரீட்சை. அதே பத்துக் கருவி, சீட்டுக் குலுக்கிப் போடறது, வெளியில இருந்து தேர்வாளர். இந்த லேபுல இத்தனை வருஷத்துல ஒரே ஒருத்திதான் கோட்டை விட்டிருக்கா. உன் திட்டத்துல இன்னும் ஒரு ஆள் ஃபெயிலானாலும், அன்னிக்கே இதை மூட்டை கட்டிடணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?”

அவள் சம்மதம் என்றாள்.

அந்த ‘ஒரே ஒருத்தி’யும் இந்த அறுபது பேரில் இருந்தாள். பிளம்பர் மகள். போன வருஷப் பரீட்சையில் ‘அளவு சரியாக வரவில்லை’ என்று மட்டும் எழுதி, மற்றபடி வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்ததால், தன்னைவிடச் சின்னவர்களோடு மறுபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளை ‘ரிப்பீட்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தாள். இந்த முறையும் போனால் படிப்பை விட்டுவிட்டுத் தன்னோடு பைப்பு மாட்ட வரச் சொல்லியிருந்தார் அவள் அப்பா. “அதுல தப்பு ஒண்ணும் இல்ல மேடம், எனக்கு பைப்பு வேலை தெரியும். ஆனா தோத்துட்டுப் போகப் பிடிக்கலை” என்றாள் முதல் நாளே.

முதல் மாதம் படு கேவலமாகப் போனது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அடித்தால் மதிப்பெண் உண்டு என்று மாணவர்கள் புரிந்துகொண்டார்கள். அவ்வளவுதான், அடித்துத் தள்ளிவிட்டார்கள். மேடம் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் அறுபது நோட்டையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நோட்டில் 14 என்று எழுதி, அழகாக ஸ்கேல் வைத்து ஒற்றைக்கோடு போட்டு, 16 என்று திருத்தி, ‘அவசரத்தில் தவறாகப் பார்த்துவிட்டேன்’ என்று காரணம் எழுதியிருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தாள். இரண்டாவது நோட்டிலும் 14, கோடு, 16. மூன்றாவதிலும் அதேதான். இருபத்தேழு பேர் ஒரே இடத்தில், ஒரே எண்ணை, ஒரே அவசரத்தில் தவறாகப் பார்த்திருந்தார்கள்.

தம்பி எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “அடித்தலையே காப்பி அடிச்சிருக்காங்களே! உன் பசங்களுக்கு ஈடே கிடையாதுக்கா.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகு கோபம் வந்தது. மாணவர்கள் மேல் கொஞ்சம், தன் மேல் நிறைய. மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கே போகத்தான் பிறந்ததிலிருந்து அவர்களைப் பழக்கியிருக்கிறார்கள். அவளும் அதே இனிப்பை இடம் மாற்றி வைத்துவிட்டுப் புதுமை என்று பெயர் சூட்டியிருக்கிறாள்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் யாரையும் திட்டவில்லை. கரும்பலகையில் தன் விதியை எழுதினாள்: ‘ஒவ்வொரு அடித்தலுக்கும் ஒரு மதிப்பெண்.’ அதன் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: ‘உங்களிடம் பேசாமலே உங்களை அளக்கலாம் என்று நினைத்தேன்.’

ஆசிரியை ஒருத்தி தன் தப்பைத் தானே அடிப்பதை அவர்கள் பார்த்ததில்லை.

“இனிமே வாரத்துக்கு ஒரு தடவை ஆளுக்கு அஞ்சு நிமிஷம். நோட்டோட வந்து என் முன்னாடி உக்காரணும். ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். போன வாரம் தெரியாம இருந்து இந்த வாரம் தெரிஞ்சது என்ன? ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க. நான் கடிக்க மாட்டேன்.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “மேடம், அறுபது பேரு, அஞ்சு நிமிஷம்னா அஞ்சு மணி நேரம்.”

“எனக்கும் கணக்குத் தெரியும்ப்பா. என் அஞ்சு மணி நேரம்தானே, உனக்கென்ன கவலை?”

அன்றைக்கே அவளுக்கு ‘ஒற்றைக்கோடு’ என்று பெயர் விழுந்தது. காதில் விழுந்தபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

முதல் வாரத்தில் பாதிப் பேர் அசடு வழிந்தார்கள். ‘ஒண்ணும் இல்ல மேடம்’ என்று சொல்லிவிட்டு, மீதி நான்கரை நிமிஷமும் மின்விசிறியைப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் மின்விசிறியைப் பார்த்து அலுத்துப் போயிற்றோ என்னவோ, பேசத் தொடங்கினார்கள். ஹாஸ்டல் நான்காவது மாடிக் குளியலறையில் காலையில் தண்ணீர் வராததற்கு மோட்டார்தான் காரணம் என்று ஒரு குழு பத்துப் பக்கம் எழுதியிருந்தது. பிறகு அவர்களே பத்துப் பக்கத்தையும் அடித்தார்கள். மூன்றாவது மாடியில் யாரோ எப்போதோ பாதி மூடிவிட்டு மறந்துபோன வால்வுதான் காரணம். அதைத் திறந்துவிட்ட மறுநாள் அந்த நாலு பேரையும் நான்காவது மாடியே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. வகுப்பில் ஒரு வருஷமாக வாயே திறக்காத பையன் ஒருவன், தோட்டத்துக் குழாயில் ஏன் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது என்று அவளிடம் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் கடிகாரத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் காத்திருந்த ரிப்பீட்டு, “பரவால்ல மேடம், அவன் பேசட்டும். அவன் குரலை இன்னிக்குத்தான் கேக்கறேன்” என்றாள்.

ரிப்பீட்டின் நோட்டு இருப்பதிலேயே அலங்கோலமானது. கோடு, அம்புக்குறி, ஈரம் பட்ட கறை. ஆனால் அதில் எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் அவள் என்ன நினைத்தாள், எங்கே சறுக்கினாள், எப்படி எழுந்தாள் என்று தெரிந்தது. ‘எனக்கு வரவில்லை’ என்று தொடங்கிய நோட்டு, பாதிக்கு மேல் ‘இன்னும் பார்க்காதது’ என்று ஒரு பட்டியலாக மாறியிருந்தது. அந்த மாற்றத்தைப் பார்த்த அன்று மேடம் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தாள்.

பரீட்சை வந்தது. மூன்று நாள், நாளுக்கு இருபது பேர், காலையும் மாலையும். வெளித்தேர்வாளராக வந்தவர் அணைக்கட்டு வேலைகளில் முப்பது வருஷம் கிடந்த ஒரு அம்மாள். ஒல்லியான உருவம், தோளில் பெரிய பை, பேச்சு அளந்துதான். முதல் நாள் காலை, பத்துப் பேர். சீட்டைக் குலுக்கிப் போட்டார்கள். ரிப்பீட்டு எடுத்த சீட்டைப் பார்த்ததும் தலைவரின் முகம் மலர்ந்தது.

“துளைத்தகடா? என் பைப்பு. இந்தக் கட்டடத்துக்கு வந்தப்ப நானே மாட்டினது.”

அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. குழாயின் நடுவே ஓட்டை போட்ட ஒரு தகடு. தண்ணீர் அந்த ஓட்டை வழியே நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது, தகட்டுக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று கண்ணாடிக்குழாயில் பார்க்க வேண்டும். கணக்குப்படி எவ்வளவு தண்ணீர் வர வேண்டும் என்று அதிலிருந்து தெரியும். தொட்டி நிரம்பும் நேரத்தைக் கொண்டு உண்மையில் எவ்வளவு வந்தது என்று தெரியும். இதை அதால் வகுத்தால் ஓர் எண். புத்தகத்தில் அந்த எண் 0.62. தலைவருக்கு அந்தப் பெயர் வந்தது இதனால்தான். எந்தக் கருவிக்கு முன்னால் நின்றாலும் அவர் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

ரிப்பீட்டு வால்வைத் திறந்தாள். தொட்டியில் தண்ணீர் பத்து சென்டிமீட்டர் ஏறப் பதினெட்டு விநாடி ஆனது. கணக்குப் போட்டாள். 0.73. மறுபடி ஓட்டினாள். பதினெட்டு. மூன்றாம் முறையும் பதினெட்டு.

தலைவர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். குரலில் அன்புதான் இருந்தது. “பாயிண்ட் சிக்ஸ் டூ வரணும்மா. நல்லா பாரு.”

சுவரோரம் நின்றிருந்த மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில், இதே குழாய்க்கு முன்னால், இதே மனிதர் இதே வார்த்தைகளை அவளிடம் சொல்லியிருந்தார். அன்று அவளுக்கும் பதினெட்டு விநாடிதான் வந்தது. தன் கைதான் சரியில்லை என்று நம்பினாள். ஹாஸ்டலுக்குப் போய் பிளேடால் அந்தப் பதினெட்டைச் சுரண்டி, அதன் மேல் 21 என்று எழுதினாள். 21 என்றால் கணக்கு 0.62-ல் வந்து உட்காரும். எல்லாரும் 21 என்றுதான் எழுதியிருந்தார்கள்.

இப்போது ரிப்பீட்டு தலையைத் தூக்கினாள். அவள் கண் ஒரு கணம் மேடத்தின் கண்ணைத் தொட்டது. பரீட்சை நேரத்தில் உள் ஆசிரியர் பேசக் கூடாது. பேச வேண்டியதும் இல்லை. இரண்டு விரலைக் காட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டினால் போதும். அந்தப் பெண் தேறிவிடுவாள், அறுபது பேரும் தேறிவிடுவார்கள், திட்டம் பிழைத்துவிடும். மேடத்தின் வலது கை தானாக அசைந்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்து, விரல் நோகும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரிப்பீட்டு குனிந்து எழுதினாள். பிறகு எழுதியதில் ஒரு வரியை அடித்தாள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு தொட்டியிடம் போனாள்.

“என்ன பண்றே?” என்று கேட்டார் தேர்வாளர்.

“தொட்டியோட நீள அகலத்தை நான் அளக்கலை மேடம். சுவத்துல எழுதியிருந்ததை நம்பிட்டேன். அதான் அதை அடிச்சிட்டேன்.”

அளந்தாள். சுவரில் எழுதியிருந்தது சரிதான். கண்ணாடிக்குழாயில் காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று பார்த்து, இருந்த இரண்டு குமிழை வெளியேற்றினாள். கைக்கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தாள். மறுபடி ஓட்டினாள். 0.73.

தலைவர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் வருத்தம் உண்மையாகவே இருந்தது. “மேடம், இதுக்கு மேல நேரம் இல்ல. இந்தப் பொண்ணு போன வருஷமும் இப்படித்தான்.”

தேர்வாளர் அவரைக் கவனிக்கவில்லை. “உனக்கு என்ன வந்துச்சும்மா?”

“பாயிண்ட் செவன் த்ரீ.”

“என்ன வரணும்?”

“பாயிண்ட் சிக்ஸ் டூ.”

“ஏன் வரலை?”

போன வருஷம் இந்தக் கேள்விக்குத்தான் அவள் வெற்றுத்தாளைக் கொடுத்தாள். இப்போது நோட்டைப் பிரித்து நீட்டினாள்.

“ஏன்னு தெரியலை மேடம். ஆனா எங்க இல்லைன்னு தெரியும். தப்பு தொட்டில இல்ல, கடிகாரத்துல இல்ல, கண்ணாடிக்குழாய்ல இல்ல. கணக்கை ரெண்டு தடவை பாத்துட்டேன், அதுலயும் இல்ல. நான் இன்னும் பாக்காதது பைப்போட உள்பக்கம் மட்டும்தான். கழட்டிப் பாக்க அனுமதி வேணும்.”

“பரீட்சைல பைப்பைக் கழட்டறதா!” தலைவர் குரல் உயர்ந்தது. “இருபத்திரண்டு வருஷமா ஓடற பைப்பும்மா இது. என் கையால மாட்டினது!”

“அப்ப பயம் எதுக்கு சார்?” என்றார் தேர்வாளர். “கழட்டட்டும்.”

ஆய்வக உதவியாளருக்கு ஸ்பேனர் அண்ணன் என்று பெயர். யாரும் கூப்பிடாமலே அவர் ஸ்பேனரோடு வந்து நின்றிருந்தார். எட்டு போல்ட். ஒவ்வொன்றும் பழைய பச்சைப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு அடம் பிடித்தது. ரிப்பீட்டு ஸ்பேனரைக் கையில் வாங்கி, எதிரெதிர் போல்ட்டாகத் தளர்த்தினாள். அவள் அப்பா பார்த்திருந்தால் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார். மற்ற ஒன்பது பேரும் தங்கள் கருவிகளை விட்டுவிட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

தகடு வெளியே வந்தது. ஓட்டையின் ஒரு பக்க விளிம்பு கத்தி மாதிரி கூர். மறுபக்க விளிம்பு சரிவாகச் சீவியிருந்தது. கூர்ப்பக்கம்தான் வரும் தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும். இங்கே சரிவுப் பக்கம் அதைப் பார்த்து இருந்தது. புனல் வழியாக இறங்குவது போலத் தண்ணீர் அலுங்காமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. தகட்டின் காதுபோல் நீண்ட பகுதியில் பெயிண்ட் தடித்துக் கிடந்தது. ரிப்பீட்டு தன் சைக்கிள் சாவியால் அதைச் சுரண்டினாள். அடியில் எழுத்து பொறித்திருந்தது: ‘நீர் வரும் பக்கம்.’ அந்த எழுத்து இத்தனை வருஷமாகத் தண்ணீர் போகும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

தலைவர் குனிந்து அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

ரிப்பீட்டு தகட்டைத் திருப்பிப் போட்டாள். எட்டு போல்ட்டையும் முடுக்கினாள். வால்வைத் திறந்தாள். ஸ்பேனர் அண்ணன் உட்பட அத்தனை பேரும் வாய்விட்டு விநாடியை எண்ணினார்கள். பத்தொன்பது, இருபது, இருபத்தொண்ணு.

“வந்துடுச்சு!” என்று கத்தினாள் ரிப்பீட்டு. “பாயிண்ட் சிக்ஸ் டூ!”

ஆய்வகமே கைதட்டியது. தேர்வாளர், “அவங்கவங்க வேலையைப் பாருங்க, பரீட்சை இன்னும் முடியலை” என்று அதட்டிவிட்டுத் தானும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அப்ப இத்தனை வருஷமா பசங்க என்னதான் எழுதினாங்க?”

மூலையிலிருந்த கண்ணாடி அலமாரியில் வருஷத்துக்கு ஒன்றாக மாதிரிப் பதிவேடுகள் அடுக்கியிருந்தன. எல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாதவை. தேர்வாளர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். 21 விநாடி, 0.62. 21 விநாடி, 0.62. மேடம் நடந்து போய், கீழ்த்தட்டிலிருந்து ஒரு நோட்டை உருவினாள். ஜன்னலுக்குப் போய் அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து போயிருந்தது. 21-க்கு அடியில் 18 தெரிந்தது.

“இது என்னோடது மேடம். எனக்கும் பதினெட்டுதான் வந்துச்சு. தண்ணி சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் என் கை தப்புன்னு நினைச்சு பிளேடு வச்சுச் சுரண்டினேன். இதுக்கு ‘மிக நன்று’ வாங்கினேன். அப்புறம் ஒன்பது வருஷம் நானே இதுக்குக் கையெழுத்தும் போட்டேன்.”

அவள் தலை குனியவில்லை. பத்தொன்பது வருஷம் நெஞ்சில் கிடந்த ஒன்று இறங்கியதில் அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது.

‘மிக நன்று’ தலைவரின் கையெழுத்து. அவர் கிட்டே வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாளும் அவர் ஆய்வகத்துப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தேர்வாளர் பட்டியலை மேஜையில் வைத்தார். அறுபது பேரும் தேறியிருந்தார்கள். கருவியை முன்பின் தொட்டிராதவர்கள், ‘தெரியலை, ஆனா பாக்கலாம்’ என்று தொடங்கி, பத்துக் கருவிகளில் மூன்றில் பழுது கண்டுபிடித்திருந்தார்கள். பட்டியலின் முதல் வரியில் ரிப்பீட்டு. மாணவர்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்து பார்த்தார். ரிப்பீட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு, “அப்பா, பைப்பு மாட்ட ஆள் வேற பாத்துக்கோங்க” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்தார். கூச்சல் அடங்கியது. அவர் ஒரு கையில் வெள்ளைப் பெயிண்ட் டப்பா, மறு கையில் பிரஷ். ஸ்பேனர் அண்ணன் பதறிப்போய் ஏணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

“பலகையை இறக்கிடவா சார்?”

“இறக்காத.”

“அப்ப பூசி அழிச்சிடவா?”

“அழிக்கக் கூடாதுய்யா. இத்தனை நாளா இந்த லேபுல இருந்து என்னத்தைக் கத்துக்கிட்ட?”

தலைவர் தானே ஏணியில் ஏறினார். ‘இல்லாது’ என்ற சொல்லின் மேல், இடமிருந்து வலமாக, ஒரே ஒரு கோடு போட்டார். கீழே இருந்த எழுத்து நன்றாகப் படிக்கும்படிதான் இருந்தது. பலகை இப்போது இப்படிச் சொன்னது: ‘பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருத்தல் வேண்டும்.’

அவர் ஏணியிலிருந்தே திரும்பி ரிப்பீட்டைப் பார்த்தார். “சரிதானேம்மா?”

ரிப்பீட்டு மேடத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“பக்கத்துல காரணம் எழுதணும் சார்.”

தலைவர் சிரித்துவிட்டார். மறுபடி பிரஷைத் தோய்த்து, பலகை ஓரத்தில், அதே குண்டு எழுத்தில் எழுதினார்: ‘தகட்டைப் பக்கம் மாற்றி மாட்டியவன் நான்.’ அடியில் தேதியும் கையெழுத்தும் போட்டார்.